அட்டைத் தேதி

நூலகத்தின் சட்டப் பிரிவில் ஆறு மேசைகள். ஐந்து காலியாகக் கிடக்க, மூன்றாவது நாளாகவும் நான் போய் உட்கார்ந்தது ஒரு கால் குட்டையான மேசையில். கையை வைத்தால் இந்தப் பக்கம் சாயும், எடுத்தால் அந்தப் பக்கம் சாயும். காகிதத்தை நாலாக மடித்துக் காலுக்கடியில் கொடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. வேறு மேசைக்கு மாறியிருக்கலாம்தான். ஆனால் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்த அந்த மூலையில்தான் ஊடகச் சட்ட அலமாரி இருந்தது. தவிர, அன்றைக்கு எனக்கும் ஓரிடத்தில் ஆடாமல் உட்காரும் மனநிலை இல்லை. பேனா மூடியைக் கடித்துக் கடித்து அதன் கொக்கி கையோடு வந்துவிட்டது.

நான் வக்கீல் இல்லை. ஒரு வாரப் பத்திரிகையில் பதினான்கு வருடமாகத் துணை ஆசிரியர். நிருபர்கள் நீட்டி முழக்கி எழுதிக் கொடுப்பதை வெட்டி, பக்கத்தில் அடங்கச் செய்வது என் வேலை. அதனால் அலுவலகத்தில் எனக்குக் கத்தரி என்று பெயர். முதல் நாள் நான் நூலகரிடம் போய் அவதூறுச் சட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பத்திரிகையா?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பத்திரிகைக்காரங்க அடி வாங்கின பிறகுதான் இந்தப் பக்கம் வருவாங்க. அடி விழுறதுக்கு முன்னாடி வந்து படிச்ச ஒருத்தரை நான் பார்த்ததில்ல" என்றார். சொல்லிவிட்டு, வகுப்பு எடுப்பதுபோல் இல்லாமல் வேண்டாவெறுப்பாகவே வழியும் காட்டினார். முதலில் பாடநூல், அதன் கடைசியில் இருக்கும் பொருளடைவு, அதில் சொல்லியிருக்கும் வழக்குகள், அப்புறம்தான் தீர்ப்புத் தொகுதிகள். "நேரா தீர்ப்புல போய் விழுந்தீங்கன்னா சாயங்காலம் வரைக்கும் நீந்தணும்." கூடவே விதிகள். ஊடகச் சட்டம் பற்றிய நீல அட்டைப் புத்தகம் ஒரே பிரதி. எடுப்பவர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கம் நகல் எடுக்கவும் புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். "கையெழுத்து இல்லாத சீட்டுக்குக் காப்பி கிடையாது. மந்திரியே வந்தாலும் கிடையாது."

என்னை அனுப்பியவர் எங்கள் ஆசிரியர். செவ்வாய்க்கிழமை மாலை கூப்பிட்டார். "கத்தரி, அந்த வேன்காரர் விவகாரம். அவதூறுக்குக் கேஸ் போட ஒரு வருஷம்தான் டைம். அந்த ஒரு வருஷம் நம்ம அட்டைல இருக்கிற தேதியிலிருந்தா, கடைக்குப் போன நாள்லேருந்தா? வக்கீல் ஊர்ல இல்ல. நீ போய்ப் பார்த்துட்டு வா."

வெளியாட்களுக்கு இந்தக் கேள்வியே விளங்காது. எங்கள் பத்திரிகையின் அட்டையில் ஞாயிற்றுக்கிழமை தேதி இருக்கும். ஆனால் வியாழக்கிழமை காலையிலேயே கடைகளில் தொங்கும். வாரப் பத்திரிகை நடத்துகிறவர்கள் பழக்கமாகச் செய்வதுதான். பழசு என்று கடைக்காரர் ஓரங்கட்டாமல் இருக்க, பிறக்கும்போதே மூன்று நாள் ஆயுளைக் கூட்டி அனுப்புவோம். யாருக்கும் இதனால் ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

வேன்காரர் விவகாரம் இதுதான். போன வருடம் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, சாலையோரம் நடந்துபோன ஒரு பெண்மேல் ஏற்றி, நிற்காமல் போய்விட்டார். கைதானார். அவருடைய படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு கைப்பந்துக் குழுவுக்கு அவர் கோப்பை கொடுத்தபோது எடுத்தது, நாலு பேர் வரிசையாக நிற்பார்கள். இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர் என்று படக்குறிப்பு எழுதியது நான். அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு பக்கம் கட்டுகிற அண்ணன் படத்தை வைத்துப் பார்த்தார். நாலு பேரும் பக்கத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் வெளியே பார்த்தால் வாசகன் கண்ணும் வெளியே போய்விடும் என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. சட்டையிலோ பின்னாலோ எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார். இப்போது ஒப்பந்தக்காரர் மூன்றாவது ஆள். இரண்டாவதாக நின்றவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு மனிதர். குடித்துவிட்டு ஓட்டியவர், ஏற்றிவிட்டு ஓடியவர் என்று அவர் தலையில் எழுதியாகிவிட்டது.

அவர் மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் ஆசிரியருக்காக என்று போட்டு, கீழே கையெழுத்திட்டுப் பதில் அனுப்பியவளும் நான்தான். முதல் கடிதத்தின்போது மனதாரத்தான் எழுதினேன், அடுத்த இதழில் திருத்தம் வந்துவிடும் என்று நம்பினேன். "இப்ப திருத்தம் போட்டா நாமே கையைத் தூக்கி ஒத்துக்கிட்ட மாதிரி. மரியாதையா எழுதிக்கிட்டே இரு. நாள் ஓடட்டும்" என்றார் ஆசிரியர். நான் தலையாட்டினேன். இரண்டாவது, மூன்றாவது கடிதங்களை எழுதியது அந்தத் தலையாட்டல்தான். சாக்கு சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆசிரியர் கேட்ட பதில் வியாழக்கிழமை மாலையே கிடைத்துவிட்டது. காலவரம்பு பற்றிய அத்தியாயத்தில் இருநூற்றுப் பதினாறாம் பக்கம். வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் வெளியீட்டு நாள், அட்டையில் என்ன தேதி இருந்தாலும் கணக்கில்லை. அடுத்த பத்தியில் இன்னொன்றும் இருந்தது. இரு தரப்பும் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் காலம் நின்றுவிடாது. அந்த இதழின் அட்டைத் தேதி பன்னிரண்டு. கடைக்குப் போனது ஒன்பது. இந்த வருடம் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. போனில் சொன்னதும் ஆசிரியர் சிரித்தார். "அப்போ நாளையோட சரி."

ஒரு தீர்ப்பை மட்டும் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் வெள்ளிக்கிழமையும் நூலகத்துக்கு வந்தேன். சரிபார்க்க ஒன்றுமில்லை. அலுவலகத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். இருநூற்றுப் பதினாறைத் திறப்பேன், மூடுவேன், ஜன்னலுக்குப் போவேன், தண்ணீர் குடிப்பேன், திரும்ப வந்து திறப்பேன். சாயங்காலம் நாலு மணி அடித்தால் இது முடிந்துவிடும், அப்புறம் தூக்கம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் வந்து நூலகரிடம் ஏதோ கேட்டார். நூலகர் விரலை என் பக்கம் நீட்டினார். "அந்த நீலப் புத்தகம் அவங்ககிட்ட இருக்கு. அவங்க விட்டாத்தான்."

நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கண்ணாடித்தாள் கோப்பு. எதிரே வந்து நின்றபோது எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது, பிடிபடவில்லை. வலது கன்னத்தில் ஒரு மச்சம். தலைவகிடு இடது பக்கம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் பிடிபட்டது, வேன்காரர். எனக்குத் தெரிந்த படத்தில் மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. ஒரு வருடமாக நான் அறிந்திருந்தது இந்த மனிதரைத் திருப்பிப் போட்டு.

"மேடம், நீங்க முடிச்சதும் குடுக்கறீங்களா? அவசரம் இல்ல. நான் இப்படி உட்கார்ந்துக்கறேன்" என்று எதிர் நாற்காலியை இழுத்தார்.

"எடுத்துக்கங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்ச நேரம்" என்றேன்.

"நிதானமா பாருங்க. எனக்குத் திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

திங்கட்கிழமை. பன்னிரண்டாம் தேதி. அட்டையைப் பார்த்து எண்ணியிருக்கிறார்.

அவராகவே பேசினார். பேசுவதற்கு ஆள் கிடைக்காதவர்களின் பேச்சு, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. பத்திரிகைமேல் கேஸ் போடப் போகிறார். இரண்டு வக்கீல்கள் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தார்கள். இந்த நூலகத்தில் யாரும் வந்து படிக்கலாம் என்று யாரோ சொல்ல, செவ்வாய்க்கிழமைகளில் வந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து, தானே மனு எழுதி டைப் அடித்துவிட்டார். "பத்தாங்கிளாஸ்தான் மேடம். ஆனா இந்தப் புக்ல எழுதியிருக்கறது ரூட் மேப் மாதிரிதான். எங்க திரும்பணும்னு போட்டிருக்கு, நாம பார்த்துத் திரும்பணும்." இப்போது தண்ணீர் கேன் ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறார். திங்கட்கிழமை மனுவைக் கொடுக்க லீவு சொல்லியாகிவிட்டது. இன்றைக்கு லோடு மதியமே முடிந்ததால் கடைசியாக ஒருமுறை படித்துப் பார்க்க வந்திருக்கிறார்.

"என்ன கேட்டிருக்கீங்க?" என்றேன்.

"ஒண்ணும் பெருசா இல்ல. அதே பக்கத்துல, அதே அளவுல, அது இவர் இல்லைன்னு போடணும். அவ்வளவுதான்." கோப்பை மேசையில் வைத்தார், மேசை சாய்ந்தது, பிடித்துக்கொண்டார். "என் பொண்ணு படிக்கிற ஸ்கூல்லதான் நான் ஓட்டிட்டிருந்தேன். அவ இப்பவும் அந்த வேன்லதான் போறா. ஓட்டறது வேற ஆளு."

எனக்கும் ஒரு மகள். ஏழு வயது. அவளும் வேனில்தான் போகிறாள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் பெற்றோர் குழுவில் யாரோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு, எல்லாரும் உங்கள் டிரைவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் காலை நானும் எங்கள் டிரைவரை மேலும் கீழும் பார்த்தேன். அவர் என்னவென்று தெரியாமல் சிரித்தார்.

"பத்திரிகைக்காரங்க மோசமானவங்க இல்ல மேடம்" என்று கோப்பைத் திறந்தார். எங்கள் பத்திரிகையின் முத்திரை போட்ட மூன்று கடிதங்கள், கசங்காமல், ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடித்தாள் உறையில். "பாருங்க, எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க. தங்கள் மன வேதனையை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். இந்த வரியை என் சம்சாரம் அடிக்கடி எடுத்துப் படிப்பா. யாரோ நல்ல மனசுள்ளவங்க எழுதியிருக்காங்க, கொஞ்சம் பொறுங்கன்னு அவதான் சொல்லிட்டே இருந்தா. இல்லேன்னா அப்பவே கேஸ் போட்டிருப்பேன்."

அந்த வரியை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அந்தக் கடிதத்தின் கீழ் மூலையில் என் கையெழுத்து வாலைச் சுழித்துக்கொண்டு கிடந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. எழுந்து நடைவழிக்குப் போனேன். ஆசிரியர்.

"என்ன கத்தரி, தீர்ப்பு கிடைச்சுதா?"

"பார்த்துட்டிருக்கேன் சார்."

"இனிமே பார்க்க என்ன இருக்கு? நாலு மணிக்குக் கோர்ட் கவுண்ட்டர் மூடிடும். அதுக்கப்புறம் அந்த ஆள் தலைகீழா நின்னாலும் வாங்க மாட்டாங்க. நீ கிளம்பி வா, உள்பக்கம் ரெண்டு உனக்காகக் காத்திருக்கு. அந்தப் படக்குறிப்பு உன் கையெழுத்துல பைல்ல இருக்கு. கேஸ்னு வந்தா முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவாங்க. உனக்காகவும்தான் சொல்றேன்."

மிரட்டலா அக்கறையா என்று தெரியாதபடி பேசுவதில் அவர் கெட்டிக்காரர். சரி சார் என்று வைத்தேன். நடைவழியில் இரண்டு முறை மேலும் கீழும் நடந்தேன். நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், நாலு மணி தானாக வந்துவிடும். புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் நான் யாருக்கும் பொய் சொன்னவளாகவும் ஆக மாட்டேன். அவரே படித்து அவரே எண்ணிய தேதி. நான் யார் குறுக்கே பேச? இப்படி எல்லாம் யோசித்து, மேசைப்பக்கம் திரும்பி வந்தேன். புத்தகத்தைக் கொடுத்துவிடுவது என்றுதான் வந்தேன்.

அவர் மேசைக்கடியில் குனிந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்த ஒரு ரப்பர்த் துண்டைக் குட்டைக் காலுக்கடியில் செருகி, மேசையை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். "கதவு ஆடாம இருக்க வைக்கிறது. நம்ம வண்டியில ஒண்ணு எக்ஸ்ட்ரா கிடந்துச்சு. நீங்க எழுத எழுத ஆடிக்கிட்டே இருந்துச்சு, பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு தங்கச்சி" என்றார்.

மேசை அசையவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் அதன்மேல் வைத்தேன். மூன்று நாளில் முதல் தடவையாக அது அப்படியே நின்றது.

"அண்ணே" என்றேன். "இந்தப் பேப்பர் ஞாயித்துக்கிழமை வர்றதில்ல."

"தேதி போட்டிருக்கே."

"தேதி அப்படித்தான் போட்டிருக்கும். ஆனா வியாழக்கிழமை காலையிலேயே கடைக்கு வந்துடும். எப்பவுமே அப்படித்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்த இதழின் அட்டையைப் பார்த்தார். ஞாயிறு, பன்னிரண்டு என்பதன்மேல் விரல் நின்றது. உதடு ஏதோ கணக்குப் போட்டது.

"ஆமா" என்றார் மெல்ல. "அன்னைக்கு ஸ்கூல் இருந்துச்சு. நான் வேனோட கேட்ல நிக்கறேன். ஒரு அம்மா பேப்பரைக் கையில வச்சிருந்தாங்க. என் முகத்தைப் பார்த்தாங்க, ஏறின பிள்ளையைக் கையைப் பிடிச்சு இறக்கிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமைன்னா ஸ்கூல் ஏது?" அவர் நிமிர்ந்தார். "தினம் அதையேதான் நினைச்சுட்டிருக்கேன். அது என்ன கிழமைன்னு நினைக்கவே இல்லையே."

நான் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். இருநூற்றுப் பதினாறு. மூன்றாவது பத்தி. அவர் விரல் முதல் சொல்லின் கீழே போய் நின்று, ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தது. எனக்கு அந்தப் பத்தி மனப்பாடம். விரல் எங்கே நிற்கும் என்றும் தெரியும். நின்றது.

"அப்போ ஒன்பதாம் தேதி." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாக ஒரு நிமிடம். "இன்னைக்கா?"

"நாலு மணி வரைக்கும் வாங்குவாங்க. பின்வாசல் வழியாப் போனா கோர்ட்டுக்கு நடந்தே கால்மணி நேரம்."

எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது. மறுபடி உட்கார்ந்து, மனுவை எடுத்து, தேதியை அடித்துத் திருத்தினார். "அங்க கவுண்ட்டர்ல கேட்டா? இந்தப் பக்கத்தைக் காட்டணுமே. காப்பி எடுக்கணும்."

"சீட்டுல அவங்க கையெழுத்து வேணும்" என்றார் நூலகர், தன் இடத்திலிருந்தே. காதில் எல்லாம் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

சீட்டுக் கட்டை என் முன்னால் நகர்த்தினார் வேன்காரர். நகர்த்திய கை அப்படியே நின்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? வியாழக்கிழமை வரும்னு?"

கடையில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். சீட்டில் பக்க எண் எழுதினேன். உறுப்பினர் எண் எழுதினேன். வேறு மாதிரி கையெழுத்துப் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் பதினான்கு வருடமாக ஒரே கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை, காகிதத்தைத் தொட்டதும் தன்பாட்டுக்கு வாலைச் சுழித்து முடித்துவிட்டது. கிழித்துக் கொடுத்தேன்.

"ரொம்ப உபகாரம்" என்று புத்தகத்தையும் கோப்பையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். நகல் இயந்திரம் வாசலுக்குப் பக்கத்தில், கடிகாரத்துக்குக் கீழே இருந்தது. நூலகர் பொத்தானை அழுத்திவிட்டு, "சூடாக ரெண்டு நிமிஷம் ஆகும், தட்டாதீங்க" என்றார்.

அந்த இரண்டு நிமிடத்தில் வேன்காரருக்குச் செய்ய ஒன்றுமில்லை. இயந்திரத்தின் மூடிமேல் கோப்பை வைத்தார். என் சீட்டை அதன்மேல் வைத்தார். பழக்கத்தில் விரல் சீட்டின் முதல் எண்ணுக்குக் கீழே போய், இடமிருந்து வலமாக நகர்ந்து, கையெழுத்துக்கு வந்து நின்றது. கண்ணாடித்தாளுக்கு அடியில், சீட்டுக்கு ஒரு விரல்கடை கீழே, மூன்றாவது கடிதத்தின் கீழ் மூலை, அதே சுழித்த வாலோடு தெரிந்தது.

நான் மேசையில் கையை வைத்தபடி இருந்தேன். இயந்திரம் ஒரு முனகலோடு தயாராகி, பச்சை விளக்கு எரிந்தது. "ஆச்சு, வைங்க" என்றார் நூலகர். மணி மூன்று ஐந்து. வேன்காரரின் குனிந்த தலை நிமிரவில்லை. விரல் மெல்ல அந்தச் சீட்டிலிருந்து இறங்கி, கடிதத்தின் மூலைக்குப் போய், மறுபடி சீட்டுக்கு ஏறியது.